எட்டுப் பேர், ஒரு கூடம், மூன்று மணி நேரம்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை உறவினரும் நண்பருமாக எட்டுப் பேர் கூடிப் பலகை விளையாட்டுகள் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு, சென்ற மாதம் முதல் முறையாகக் கூட்டினோம். மோனோபோலி மூன்று மணி நேரம் இழுத்தது. முதலில் திவாலான என் நாத்தனார் அலைபேசியோடு உட்கார்ந்துவிட்டார். மாமியார், “இங்கிலீஷ் ஆட்டமெல்லாம் எனக்குப் புரியாது” என்று எழுந்து போய்விட்டார். ஏழு வயது மகன் தோற்றதும் அழுதான். எனக்கோ பலகாரம் சுட்டே பொழுது போயிற்று. எந்த விளையாட்டை வாங்கலாம், எப்படி நடத்தலாம்? சிறு தொகை வைத்து ஆடினால் சுவை கூடும் என்கிறார் என் கொழுந்தனார். அது சரியா?

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை ஒரே குறையிலிருந்து கிளைத்தவை. வீட்டு விளையாட்டு மாலைகளைக் கெடுப்பது பெரும்பாலும் விளையாட்டின் தரம் அன்று. அதில் சும்மா காத்திருக்க நேரும் நேரம்தான். ஒருவர் தம் முறைக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்தால், ஒவ்வொருவரும் தம் காயை நகர்த்திய பிறகு பதினான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அலைபேசியை எடுத்ததற்காக உங்கள் நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது, விதியை விளக்குவது, பலகாரம் பரிமாறுவது ஆகிய எல்லாவற்றிலும், “இதனால் யார், எவ்வளவு நேரம் சும்மா இருக்க நேரும்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு முடிவெடுங்கள்.

முதலில் மோனோபோலி. அதுவும் அதன் சாயலில் நம் ஊர்க் கடைகளில் விற்கும் ‘பிசினஸ்’ பலகையும் நீண்டுகொண்டே போவதற்கு, நாம் வீட்டில் சேர்த்துக்கொண்ட விதிகளும் ஒரு காரணம். ஒருவர் காலியான மனையில் வந்து நின்று அதை வாங்காமல் விட்டால் வங்கி உடனே அதை ஏலம் விட வேண்டும் என்பதே மோனோபோலியின் மூல விதி. பல வீடுகளில் அதைப் பின்பற்றுவதில்லை. அபராதப் பணத்தைப் பலகையின் நடுவில் சேர்த்து வைத்து, ‘ஃப்ரீ பார்க்கிங்’ கட்டத்தில் நிற்பவருக்கு அள்ளிக் கொடுப்பது மூல விதியில் இல்லவே இல்லை. ஏலம் இல்லாததால் மனைகள் கைமாறத் தாமதமாகிறது; அபராதப் பணம் ஆடுபவர்களிடமே திரும்புவதால் திவாலாக வேண்டியவர் பிழைத்துக்கொள்கிறார். இவ்விரண்டையும் சரிசெய்தாலும், திவாலானவர் வெளியேறி மற்றவர்கள் முடிக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற அடிப்படைக் குறை நீங்காது. உங்கள் மகன் கேட்டால் வேறொரு நாளில், தொண்ணூறு நிமிடத்தில் நிறுத்திச் சொத்தை எண்ணிக்கொள்வது என்ற நிபந்தனையோடு ஆடுங்கள். எட்டுப் பேர் கூடும் மாலைக்கு அது வேண்டாம்.

எட்டுப் பேரை ஒரே ஆட்டத்தில் அமர்த்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான்கு நான்காகப் பிரித்து இரண்டு ஆட்டங்கள் நடத்துவது, அல்லது எட்டுப் பேரையும் இரண்டு அணியாக்கி ஒரே ஆட்டம் நடத்துவது என்னும் இரண்டு வழிகளையும் ஒரே மாலையில் கலந்து பயன்படுத்துங்கள். முதலில் வருபவர்கள் சிறு குழுவாக ஆடத் தொடங்கட்டும், எல்லோரும் வந்து சேர்ந்த பின் அணி ஆட்டம் நடக்கட்டும், பிறகு மீண்டும் பிரியலாம். “எல்லோரும் வரட்டும், ஆரம்பிக்கலாம்” என்று காத்திருந்தால் நேரத்தோடு வந்தவர்களுக்கே தண்டனை.

வாங்குவதற்கு ஒன்றே ஒன்றைச் சொல்லும்படி கேட்டால் ‘கார்கசோன்’ என்பேன். 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்த இந்த ஆட்டத்தை இருவர் முதல் ஐவர் வரை ஆடலாம். கோட்டை, சாலை, வயல் வரைந்த 72 சதுர அட்டைகளில் ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே வைத்தவற்றோடு பொருந்தும்படி வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆட்ட அட்டைகளில் படிக்க வேண்டிய எழுத்து எதுவும் இல்லை என்பதுதான் உங்கள் வீட்டுக்கு முக்கியம். உங்கள் மாமியாரைத் தள்ளி வைத்தது அறிவுக் குறைவு அன்று, அட்டையில் அச்சிட்டிருந்த ஆங்கிலம். யாரும் நடுவில் வெளியேற்றப்படுவதும் இல்லை. முதல் முறை ஆடும்போது, ஆள் வடிவக் காயை வயலில் படுக்க வைத்துப் புள்ளி எண்ணும் விதியை விட்டுவிடுங்கள். விளங்கிக்கொள்ள மிகவும் கடினமான பகுதி அதுதான். இன்னொரு சிறிய மாற்றம் பெரிய பயன் தரும்: தம் முறை தொடங்கும்போது அட்டையை எடுப்பதற்குப் பதிலாக, முறை முடிந்தவுடனேயே அடுத்த அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஆடும் நேரத்தில் அதை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். காத்திருக்கும் நேரமும் ஆட்டமாகிவிடும்.

இரண்டாவதாக ஒன்று வாங்க முடிந்தால், ஐவர் வரை ஆடக்கூடிய ‘டிக்கெட் டு ரைட்’ (2004) நல்லது. வண்ண அட்டைகளைச் சேர்த்து ஊர்களுக்கிடையே ரயில் பாதை அமைக்கும் ஆட்டம் அது. ஒரு முறையில் அட்டை எடுப்பது, பாதை போடுவது, புதிய பயணச்சீட்டு எடுப்பது என்னும் மூன்றில் ஒன்றைத்தான் செய்யலாம் என்பதால் முறைகள் விரைந்து சுழலும். பொருள்களைச் சேர்த்தும் பண்டமாற்று செய்தும் ஊர்களை அமைக்கும் ‘கட்டான்’ (1995) புகழ்பெற்றது என்று பலரும் பரிந்துரைப்பார்கள். அடுத்தவர் பகடை உருட்டினாலும் உங்களுக்கு விளைச்சல் வரலாம் என்பதால் அதில் எல்லோருடைய கண்ணும் பலகையிலேயே இருக்கும். ஆனால் அடிப்படைப் பெட்டியில் மூன்று அல்லது நான்கு பேர்தான் ஆட முடியும். பேரம் பேசும் வழக்கம் உள்ள குடும்பத்தில் ஒரு செங்கல்லுக்கு ஒரு ஆடு என்று பேசியே இரண்டு மணி நேரம் போகும். மூன்றாவது நான்காவது மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டுப் பேரும் சேர்ந்து ஆடுவதற்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். 2015-இல் வெளிவந்த ‘கோட்நேம்ஸ்’ என்னும் சொல் விளையாட்டைத் தமிழிலேயே நீங்கள் தயாரித்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பெட்டியை விடத் தமிழில் அது இன்னும் சுவையாக இருக்கிறது என்பது என் அனுபவம். 25 துண்டுத் தாள்களில் ஒவ்வொரு சொல்லாக எழுதி ஐந்துக்கு ஐந்தாக அடுக்குங்கள். இரண்டு அணித் தலைவர்கள் மட்டும் பார்க்கும் ஒரு தாளில், எந்தச் சொல் யாருடையது என்று குறித்து வைக்க வேண்டும்: தொடங்கும் அணிக்கு 9, மற்ற அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7, தொட்டால் உடனே தோல்வி தரும் சொல் 1. தலைவர் ஒரு குறிப்புச் சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே சொல்லலாம். அவர் அணியினர் கலந்து பேசித் தங்கள் சொற்களைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். பிழையான சொல்லைத் தொட்டால் முறை எதிரணிக்குப் போகும். பல பொருள் ஒரு சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை என்பதால் திங்கள், மதி, மாலை, ஆறு, கால், அடி, படி, நகை, அணி, வேங்கை என்று கலந்து எழுதுங்கள். “எண், இரண்டு” என்று தலைவர் சொன்னால் ‘ஆறு’ம் ‘கால்’உம் என்று ஒருவர் பிடிப்பார், இன்னொருவர் “கால் எப்படி எண்ணாகும்?” என்று சண்டைக்கு வருவார். அந்தச் சண்டையில் அணி முழுவதும் ஈடுபட்டிருக்கும். ஒருவர் கூடத் தனியாகக் காத்திருக்க மாட்டார்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரைப் புதிய ஆட்டத்தில் கற்றுக்குட்டியாக அமர்த்துவதற்கு முன், அவருக்குத் தெரிந்த ஆட்டத்தில் ஆசிரியராக அமர்த்துங்கள். அவர் தலைமுறையில் தாயமோ பல்லாங்குழியோ ஆடாதவர்கள் குறைவு. தாயத்தை எடுத்துக்கொள்வோம். 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம் கொண்ட இரண்டு கட்டைகளை உருட்டும்போது வரக்கூடிய பதினாறு சேர்க்கைகளில் தாயம், அதாவது ஒன்று, இரண்டில்தான் விழும்; எட்டுக்கு ஒன்று என்ற வாய்ப்பு. தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்பதால், ஐந்து முறை உருட்டிய பிறகும் ஏறக்குறைய பாதிப் பேர் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். தாயம் விழுந்தவர்களோ 1, 5, 6, 12 விழும்போதெல்லாம் மறுபடி உருட்டி ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம் என்ற விதியை ஏற்றுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அது ஏற்கெனவே வழக்கம்தான். வாய்ப்பு நான்குக்கு ஒன்றாக உயர்ந்து, ஐந்து முறைக்குப் பின்னும் வெளியே நிற்பவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுவார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடிய நம் முன்னோருக்கு ஆட்டம் இழுக்க இழுக்க நல்லது, ஏனென்றால் விழித்திருப்பதுதான் நோக்கம். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

தாயத்தில் வீட்டுக்கு வீடு விதி வேறுபடும். ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாமா, மலையில், அதாவது குறுக்குக் கோடிட்ட கட்டத்தில், இருக்கும் காயை வெட்டலாமா என்பவற்றை ஆடத் தொடங்குவதற்கு முன் பேசி முடித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேரமிலும் ரெட்டை (சிவப்புக் காயை)ப் போட்ட பின், அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காய் தவறினால் என்ன, ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் எத்தனை காய் திரும்ப வைக்க வேண்டும் என்பன அப்படித்தான். பாதி ஆட்டத்தில் எழும் விதிச் சண்டைதான் பெரியவர்களின் முகத்தைச் சுருங்க வைக்கும். கேரமை இரவு ஒன்பதுக்கு முன் முடித்துவிடுவது கீழ்வீட்டுக்காரருக்கும் நல்லது.

பல்லாங்குழியும், மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டமும் இருவருக்கானவை. அவற்றை மைய ஆட்டமாக வைக்காமல் கூடத்தின் ஓரத்தில் விரித்து வையுங்கள். ஒரு குழு சீக்கிரம் முடித்துவிட்டால், மற்ற குழுவின் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வதற்குப் பதிலாக அங்கே போய் உட்காரலாம்.

புதிய ஆட்டத்தின் விதிகளை விளக்குவது ஒருவர் வேலை. அவர் முந்தின நாளே விதிப் புத்தகத்தைப் படித்து, இரண்டு பேருக்கும் தாமே ஆடி ஒரு சுற்றுப் பார்த்திருக்க வேண்டும். விருந்தினர் முன் புத்தகத்தைத் திறந்து உரக்கப் படிப்பதைப் போல் ஒரு மாலையைக் கொல்வது வேறில்லை. எப்படி வெல்வது, தம் முறையில் என்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும் என்னும் மூன்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு ஆடத் தொடங்குங்கள். விதிவிலக்குகளை அவை வரும்போது சொல்லலாம். கையில் அட்டை பிடிக்கும் ஆட்டமானால் முதல் சுற்றை அட்டைகளைத் திறந்து வைத்தே ஆடி, பிறகு கலைத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

உங்கள் மகன் அழுததில் வியப்பில்லை. ஏழு வயதில் மூன்று மணி நேர உழைப்பு ஒரே நொடியில் போவது பெரிய இழப்பு. இருபது நிமிடத்தில் முடியும் ஆட்டங்களில் தோல்வி அவ்வளவு வலிக்காது, அடுத்த ஆட்டம் உடனே வருகிறது. அவனுக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கார்கசோனில் பாட்டியும் அவனும் ஒரே கட்சியாக இருக்கட்டும். பொருந்தும் இடத்தை அவன் தேடட்டும், அவற்றில் எங்கே வைப்பது என்பதைப் பாட்டி முடிவு செய்யட்டும். அந்த வயதுக் கண்ணுக்கு அட்டை பொருந்தும் இடம் நம்மை விட வேகமாகத் தெரியும்.

பலகாரத்தைப் பொறுத்தவரை, சூடாகச் சுட்டுப் போடும் எதையும் செய்யாதீர்கள். பஜ்ஜி சுட்டால் நீங்கள் அடுப்படியில் காத்திருக்கிறீர்கள், உங்களுக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், எண்ணெய்க் கை அட்டையில் படுகிறது. மதியமே செய்து வைத்த சுண்டலைச் சிறு கிண்ணங்களில் கரண்டி போட்டுக் கொடுங்கள். வறுத்த வேர்க்கடலையும் நல்லது. மிக்சர் விரல் வழியாக அட்டைக்கு ஏறும். தேநீரும் தண்ணீரும் பலகை இருக்கும் மேசையில் வேண்டாம், பக்கத்தில் ஒரு முக்காலி போதும். ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு நிறுத்துவது என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரவு உணவைக் கடைசியில் வைத்துக்கொண்டால் நடுவில் ஆட்டம் கலையாது. தரையில் ஜமுக்காளம் விரித்து ஆடினால் பகடைச் சத்தம் கீழே கேட்காது, கட்டை உருண்டு சோபாவுக்கு அடியிலும் போகாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேசை ஆட்டத்தை ஒதுக்குங்கள். மின்விசிறியை வேகத்தில் வைத்துவிட்டுத் துண்டுத் தாள் ஆட்டம் ஆட முடியாது என்பதை நான் ஒரு சித்திரை மாதத்தில் தெரிந்துகொண்டேன். தாள்களுக்குப் பதிலாகப் பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டிப் பயன்படுத்துங்கள்.

பணம் வைத்து ஆடுவது குறித்து என் கருத்து வேண்டாம் என்பதே. பத்து ரூபாயானாலும், காசு வந்த பிறகு பாட்டியும் பேரனும் ஒரு கட்சியாக இருக்கலாமா என்பது போன்ற சலுகைகள் எல்லாம் வழக்காக மாறும்; மெதுவாக யோசிப்பவரை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏதாவது பந்தயம் இருந்தே ஆக வேண்டும் என்று உங்கள் கொழுந்தனார் சொன்னால், ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசியாக வந்தவருக்கு அடுத்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுங்கள்.