வாசகர் கேள்வி: லண்டனில் ஸ்பீக்கர் கட்டியவர்கள்

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகன், சனிக்கிழமைகளில் ஜமேக்காக்காரரின் றெகே இசை போடும் 'சவுண்ட் சிஸ்டம்' ஒன்றுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போகிறானாம். அதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது என்கிறான். நம் ஊரில் ஸ்பீக்கர் கட்டுவது போலத்தானே? – ஒரு தாய், மாங்குளம்

பதில்: அம்மா, கிளிநொச்சிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் இருபது வருடம் ஸ்பீக்கர் கட்டியவன் நான். கேள்வியைப் பார்த்ததும் சந்தோசமாக இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்களை யாராவது கூப்பிட்டால் போவோம். அவர்களுக்கோ கூப்பிட மண்டபமே இருக்கவில்லை.

1948க்குப் பிறகு கரிபியனிலிருந்து வேலைக்குப் போன சனத்தை, லண்டனின் பல மதுக்கடைகளும் நடன மண்டபங்களும் கறுப்பர் என்று வாசலோடு திருப்பி அனுப்பின. ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் பெரிய பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டுப் போட்டு ஆடிய பழக்கம் அவர்களுக்கு இருந்தது. டியூக் வின் என்பவர் 1955இல் லண்டனின் லட்புறோக் குறோவ் பகுதியில் அதைத் தொடங்கினார். றெகே அப்போது பிறக்கவே இல்லை. வீட்டு நிலவறையில் தளபாடங்களை ஒதுக்கிவிட்டு, வாசலில் சிறு காசு வாங்கி, விடிய விடிய ஆட்டம். பொலிஸ் புகுந்து குழப்பிய இரவுகளும் உண்டு. 1973இல் கரிபியன் சனத்தின் நொட்டிங் ஹில் திருவிழாத் தெருவுக்கே பெட்டிகள் வந்துவிட்டன.

நாங்கள் பனையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் இரண்டு கட்டை தூரம் கேட்கும்; மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிச் சத்தம் மட்டும் கேட்காது. றெகேயின் உயிரே அந்த அடித்தொனிதான். செக்கனுக்கு 50 தரம் அதிரும் (50 ஹேர்ட்ஸ்) அடித்தொனியின் ஒலியலை ஏறக்குறைய 7 மீற்றர் நீளம். அதைத் தள்ள 18 அங்குல ஸ்பீக்கரும் அலுமாரி அளவு பெட்டியும் வேண்டும். பெட்டிகளைப் பலர் தாங்களே பலகை அறுத்துச் செய்தார்கள். வேறு யாரிடமும் இல்லாத பாட்டை மென்மையான இசைத்தட்டில் வெட்டுவித்து வைத்திருப்பார்கள். சில பத்துத் தரம் போட்டாலே அது தேய்ந்துவிடும். அப்படித் தேயப்போகிற ஒன்றுக்குக் காசு கொடுத்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பற்றறி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்ட எங்களுக்கு அந்த ஆசை விளங்கும்.

மகன் பெட்டி தூக்குவதைக் குறைவாக நினைக்காதீர்கள். பலர் அங்கே அப்படித்தான் தொடங்கினார்கள். சரி, ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: காதுக்குப் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் விற்கும் அடைப்பான் வாங்கட்டும். எனக்கு இடது காது இப்போது பாதிதான் கேட்கிறது.