கேளுங்க, சொல்றேன்: நல்லா இருக்கேன்னு சொன்னா கண்ணு பட்டுடுமா?

கேள்வி: எனக்கு 68 வயசு. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, மகன் மருமக பேத்தியோட ஒரே வீட்ல இருக்கேன். ஆனா யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா "ஏதோ வண்டி ஓடுது"ன்னுதான் வாயில வருது. நல்லா இருக்கேன்னு சொன்னா கண்ணு பட்டுடுமோன்னு பயம். நான் செய்றது சரியா?
- திருச்சி வாசகர்

பதில்: ஐயா, இந்த பயம் எனக்கும் ரொம்ப வருஷம் இருந்துச்சு. பேரப்புள்ள கன்னத்துல மை வைக்கிறோம், புது வீட்டு வாசல்ல பூசணிக்கா கட்டுறோம், அதே பழக்கத்துல நம்ம உடம்ப பத்தியும் ஒரு நல்ல வார்த்தை வெளிய வந்துடாம பார்த்துக்குறோம். நான் மாறினது கண் ஆபரேஷனுக்கு அப்புறம்தான்.

70 வயசுல எனக்கு ரெண்டு கண்லயும் புரை, முதல்ல வலது கண்ல பண்ணாங்க. சொட்டு மருந்து போட்டு மரத்துப்போக வச்சு, புரை விழுந்த லென்ஸ உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு புது லென்ஸ வச்சாங்க, அரை மணி நேரம் கூட ஆகல, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மறுநாள் கட்டு பிரிச்சுட்டு வீட்டுக்கு வந்தா கொடில என் வேட்டி காயுது. அப்படி ஒரு வெள்ளை, லேசா நீலம் ஓடுது. வலது கண்ண மூடிக்கிட்டு இடது கண்ணால பார்த்தேன், அதே வேட்டி டீத்தண்ணில முக்கி எடுத்த மாதிரி பழுப்பு. நம்ப முடியாம மாத்தி மாத்தி பார்த்தேன். புரை முத்த முத்த கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மஞ்சளாகி நீல நிறத்த சரியா உள்ள விடாதுன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க. ஆனா நான் அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷமா வீட்டம்மாகிட்ட வேட்டிய ஒழுங்கா அலசுறதே இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன், அவளும் சொட்டு நீலத்த கூட ரெண்டு சொட்டு ஊத்தி அலசிக்கிட்டே இருந்திருக்கா, திருப்பி ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கு கைய பிடிச்சு மன்னிப்பு கேட்டேன். அப்பதான் பார்க்குறேன், மணிக்கட்டுக்கு மேல பொட்டு பொட்டா தழும்பு, தாளிக்கிறப்ப எண்ணெய் தெறிச்சது. எப்பம்மா பட்டுச்சுன்னு கேட்டா "அது ஆச்சு எத்தனையோ வருஷம்"ங்குறா.

எங்க மதுரைல அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய 1976ல ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு அப்ப வயசு 58, அரசாங்க வேலையில இருந்து ரிட்டயர் ஆகி வெறும் 11 படுக்கையோட தொடங்கினவர். இளவயசுலயே முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போச்சு, அந்த விரலால கத்தி பிடிக்க பழகி ஆயிரமாயிரம் பேருக்கு ஆபரேஷன் பண்ணார், கூடப்பொறந்தவங்க குடும்பத்தோட வந்து பக்கத்துல நின்னாங்க. அவர நினைக்கிறப்ப, நல்லா மடங்குற என் பத்து விரலையும் ஒரு தடவை மடக்கி நீட்டி பார்த்துக்குவேன்.

நீங்க வாசல்ல நின்னு ஏதோ ஓடுதுன்னு சொல்றது அடுப்படில நிக்கிற மருமக காதுலயும் விழும்யா. 68 வயசுல பிரஷர் இல்லாம இருக்கீங்கன்னா அந்த பொண்ணு போடுற உப்போட அளவுக்கும் அதுல பங்கு இருக்கு. கண்ணு பட்டா சுத்திப் போட்டுக்கலாம். நல்லா இருக்கேன், புள்ளைங்க நல்லா பார்த்துக்குதுங்கன்னு அவங்க காதுபட சொல்லுங்க.

கேள்வி: காலைல எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?
- தேனி வாசகி

பதில்: சட்டுனு எந்திரிக்க மாட்டேன்மா. நம்ம வயசுல படுக்கையில இருந்து வேகமா நின்னா ரத்த அழுத்தம் இறங்கி தலை சுத்தும், கீழ விழுந்து இடுப்பெலும்பு போனவங்கள நானே பார்த்திருக்கேன். அதனால ஓரமா ஒரு நிமிஷம் கால தொங்கப்போட்டு உட்காருவேன். பக்கத்துல அவ மூச்சு சத்தம் கேட்கும். அது போதும் எனக்கு.

கேள்வி: இருந்த ஒரே வீட்டையும் மகனுக்கு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப ஒருவேளை சாப்பாட்டுக்கு அவன் முகத்த பார்க்க வேண்டியிருக்கு. குடும்பத்துக்கு நன்றி சொல்லுங்கன்னு நீங்க எழுதுறத படிக்கிறப்ப வலிக்குது.
- பெயர் வேண்டாம்

பதில்: அம்மா, உங்க வலி நியாயம். நான் எழுதினது உங்கள நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க, பட்டினி போடுறவனுக்கு நன்றி சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது. 2007ல பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்குன்னு தனிச்சட்டமே வந்துச்சு. உங்க கோட்டத்து ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்ல நீங்களே மனு கொடுக்கலாம், மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகை குடுக்கச் சொல்லி மகனுக்கு உத்தரவு போட அந்த சட்டத்துல இடமிருக்கு. கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்த சொத்துன்னா, பார்த்துக்காதப்ப அந்த பத்திரத்தையே ரத்து பண்ணக் கேட்கலாம், அதனால பத்திர நகல கண்டிப்பா கையோட கொண்டு போங்க. போறதுக்கு துணை இல்லன்னா 14567க்கு போன் போடுங்க, முதியோருக்கான இலவச உதவி எண் அது. வெட்கப்பட வேண்டியது நீங்க இல்ல தாயி.

கேள்வி: நான் சென்னைல வேலை பார்க்குறேன், அப்பா ஊர்ல தனியா. தினமும் போன் பண்ணா "சாப்பிட்டியா"ன்னு மட்டும்தான் கேட்பார், நானும் "சாப்பிட்டேன்பா"ன்னு வச்சிடுவேன். வேற என்ன பேசுறதுன்னு தெரியல.
- வாசகி

பதில்: அவருக்கு அந்த ஒரு வார்த்தைக்குள்ள எல்லாமே இருக்கும்மா, அத குறைவா எடுத்துக்காத. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒண்ணு செய். சுவத்துல மாட்டியிருக்குற தினசரி காலண்டர கழட்டி அவர் கையில குடுத்து, ஒரு கண்ண உள்ளங்கையால மூடிக்கிட்டு தேதிக்கு கீழ ராகு காலம் போட்டிருக்குற பொடி எழுத்த படிக்கச் சொல்லு, அப்புறம் மறு கண்ணால. எழுத்து தடுமாறுச்சுன்னா "எல்லாம் தெரியுது போ"ன்னுதான் சொல்வார், நானும் அப்படித்தான் சொன்னேன். கேட்டுக்காம கையோட கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிடு.