பேசாப் படத்துக்குப் பக்கவாத்தியம்

(தேவாலய ஆர்கன் வாசித்துப் பழகி, இப்போது பெர்லினில் வசிக்கும் நம் இசைப் பகுதி எழுத்தாளர் இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: பேசாப் படக் காலத்தில் மக்கள் இரண்டு மணி நேரம் எந்தச் சத்தமும் இல்லாமலா படம் பார்த்தார்கள்?

இல்லை அம்மா. படத்தில்தான் சத்தம் இல்லை, தியேட்டரில் இருந்தது. சின்னக் கொட்டகை என்றால் ஒரு பியானோ. கொஞ்சம் வசதியான இடத்தில் ஒரு வயலினும் செல்லோவும் சேரும். பெரிய நகரத்து அரங்குகளில் முழு ஆர்கெஸ்ட்ராவே திரைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பிரான்சில் சான்-சான்ஸ் போன்ற பெரிய இசையமைப்பாளர் 1908-லேயே ஒரு படத்துக்கென்று தனியாக இசை எழுதினார். ரஷ்யாவில், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஷோஸ்டகோவிச் இருபது வயதுகூட ஆகாத பையனாக லெனின்கிராடு தியேட்டர்களில் பியானோ வாசித்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார்.

இன்று இணையத்தில் கிடைக்கும் பல பழைய படங்களில், யாரோ கையில் கிடைத்த ஒரு பியானோ ட்யூனை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒட்டிவைத்திருக்கிறார்கள். படத்தில் சாவு வீடாக இருந்தாலும் அதே ட்யூன்தான், கல்யாண வீடாக இருந்தாலும் அதே ட்யூன்தான். அதைக் கேட்டுவிட்டு ‘பேசாப் படம் போரடிக்கிறது’ என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது. அவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் இன்னும் சரியாகக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் கேட்டு வளர்ந்தவன் நான். அதே வாத்தியத்தையா சினிமாவுக்கும் வாசித்தார்கள்? சிரிப்புப் படத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. பதில் தெரிந்துகொள்ள பெர்லின் இசைக்கருவி அருங்காட்சியகத்துக்குத்தான் போனேன். சீமென்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1929-இல் தன் மாளிகைக்காக வாங்கிய, வுர்லிட்சர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தியேட்டர் ஆர்கன் ஒன்று அங்கே இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அதை வாசித்துக் காட்டுவார்கள்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விரலால் கட்டையை அழுத்தினால் பைப்புக்குள் காற்று போய் ஒலி வரும். ஆனால் தியேட்டர் ஆர்கனின் குணமே வேறு. இங்கிலாந்தில் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்த எலக்ட்ரிக் ஆள். தேவாலய ஆர்கனில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி பைப் வரிசை வேண்டும். இவர் மின்சார இணைப்பை வைத்து, ஒரே பைப் வரிசையைப் பல கீபோர்டுகளிலிருந்தும் பல ஸ்தாயிகளிலும் ஒலிக்கவைத்தார். அதனால் கொஞ்சம் இடத்தில், ஒரே ஆள் கையில், ஒரு ஆர்கெஸ்ட்ரா அளவு சத்தம் கிடைத்தது. அவர் அமெரிக்கா போனார். 1910-இல் வுர்லிட்சர் கம்பெனி அவருடைய உரிமங்களை வாங்கிக்கொண்டது. அவர்கள் நியூயார்க் மாநிலத்து நார்த் டோனவாண்டா தொழிற்சாலையிலிருந்து 2,200-க்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்து அனுப்பினார்கள். அந்த வளர்ச்சியை ஹோப்-ஜோன்ஸ் பார்க்கவில்லை. 1914-இலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த வாத்தியத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

சிரிப்புப் படத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டீர்களே. பைப்புகள் இருக்கும் அறைக்குள்ளேயே நிஜமான டிரம், சிம்பல், சைலோஃபோன் எல்லாம் இருக்கும். கார் ஹார்ன், ரயில் விசில், பறவைக் குரல், குதிரைக் குளம்பு, கதவு மணி எல்லாவற்றுக்கும் பித்தான் உண்டு. வாசிப்பவரைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைந்த பலகையில் வண்ண வண்ணமாக ஸ்டாப்கள், அதாவது எந்த ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் விசைகள். இடது கால் கீழே பெடலில் பேஸ் வாசிக்கும். வலது கால், பைப் அறையின் முன்னால் இருக்கும் மரச் சட்டங்களைத் திறந்து மூடிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். நல்ல ஆர்கன்களில் சில கட்டைகளை லேசாக அழுத்தினால் ஒரு ஒலி, இன்னும் அழுத்தினால் கூடவே இன்னொன்று. இரண்டு கை, இரண்டு கால் இத்தனையும் செய்யும்போது கண் மட்டும் திரையை விட்டு நகரக் கூடாது. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துப் பழகிய எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: வாசிப்பவருக்கு எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? எழுதிவைத்த நோட்ஸ் உண்டா, மனம்போன போக்கில் வாசிப்பார்களா?

இரண்டும் உண்டு. பெரிய படங்களுக்குத் தனி இசை எழுதப்பட்டது. மற்றவற்றுக்குப் படக் கம்பெனிகள் ‘இந்தக் காட்சிக்கு இந்த மாதிரி இசை’ என்று ஒரு தாளில் குறித்துப் பெட்டியோடு அனுப்பின. 1924-இல் எர்னோ ராப்பே என்ற கண்டக்டர் (ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்) ஒரு தடிமனான தொகுப்பே போட்டார். 52 மனநிலைகளுக்கும் சந்தர்ப்பங்களுக்கும் ஏற்ற இசை அதில் இருந்தது. பக்கத்தின் ஓரத்திலேயே அந்தப் பட்டியல் அச்சாகியிருக்கும். காட்சி மாறியதும் ஓரத்தைப் பார்த்து, பக்கத்தைத் திருப்பி, அடுத்ததுக்குப் போய்விடலாம்.

கைதேர்ந்தவர்கள் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் செய்தது நம் கச்சேரியில் நல்ல மிருதங்கக்காரர் செய்வதுதான். பாடகர் எங்கே போகப் போகிறார் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே கூடப் போவது, தேவைப்பட்டால் கையை எடுத்துவிடுவது. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். 1925-இல் வந்த ‘பேன்டம் ஆஃப் தி ஆபரா’ படத்தில் முகமூடி போட்டவன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பான். கதாநாயகி பின்னால் மெதுவாக வந்து முகமூடியைப் பறிப்பாள். திரையில் ஆர்கன், அரங்கிலும் ஆர்கன். வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய சபலம் கிடையாது, முகம் தெரிந்த கணத்தில் எல்லா ஸ்டாப்பையும் போட்டு அதிரவைக்கலாம். ஆனால் திரையில் அவன் கை கட்டையை விட்டு எழுகிறது. அப்போது இங்கேயும் கை எழ வேண்டும் என்பது என் திடமான எண்ணம். அப்படி வாசித்தால், பக்கத்து இருக்கைக்காரர் மூச்சை இழுப்பதுகூடக் காதில் விழும்.

தன் திறமையைக் காட்ட வாசிப்பவர் தியேட்டருக்கு வேண்டாம். ‘இசை பிரமாதம்’ என்று படம் ஓடும்போதே நமக்குத் தோன்றினால் ஏதோ தப்பு நடக்கிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஆர்கன் என்றால் ஒரு ஆள், பார்த்து வாசித்துவிடுவார். எழுபது பேர் ஆர்கெஸ்ட்ரா எப்படிப் படத்தோடு ஒட்டிப் போகும்?

எல்லாம் கண்டக்டர் தலையில். முதல் சிக்கல் வேகம். பேசும் படத்துக்கு நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிலையாகிவிட்டது. அதற்கு முன் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள், 16-இலிருந்து 24 வரை எதுவும் இருக்கலாம். 18 ஃபிரேமில் 80 நிமிடம் ஓட வேண்டிய படத்தை 24-இல் ஓட்டினால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே முதலில் புரொஜெக்டர் வேகத்தை முடிவு பண்ண வேண்டும், அப்புறம்தான் ஒத்திகை.

1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்குக் காட்ஃப்ரீட் ஹுப்பர்ட்ஸ் எழுதிய இசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இசைக்குறிப்பின் மேல் 1,028 இடங்களில், ‘இங்கே திரையில் இது’ என்று குறித்துவைத்திருந்தார். வெளியான சில மாதங்களிலேயே படத்தை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள், முழுப் படம் காணாமல் போனது. 2008-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரஸில் கீறல் விழுந்த ஒரு பிரதி கிடைத்தது. எந்தத் துண்டு எங்கே வர வேண்டும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று தேடியவர்களுக்கு அந்த இசைக்குறிப்புதான் பெரிய வழிகாட்டி. 2010 பிப்ரவரி 12-ஆம் தேதி பெர்லினில் ஃபிராங்க் ஸ்ட்ரோபல் நடத்திய ஆர்கெஸ்ட்ராவோடு, மீட்டெடுத்த படத்தைத் திரையிட்டார்கள். கூட இருக்க வந்த இசை, படத்தையே மீட்டுக் கொடுத்தது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ வேறு மாதிரிக் கஷ்டம். அவரே அமைத்த இசை படத்தோடு பதிவாகியே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு ஆர்கெஸ்ட்ராவே மேடையில் வாசிப்பதும் உண்டு. விருந்து ஒன்றில் சாப்ளின் விசிலை விழுங்கிவிடுவார், விக்கும்போதெல்லாம் விசில் அடிக்கும். ஒவ்வொரு விக்கலுக்கும் வாத்தியக்காரர் சரியான நொடியில் ஊத வேண்டும். ஒரு விக்கல் பிந்தினாலும் அரங்கில் சிரிப்பு வராது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: நம் நாட்டிலும் இப்படி வாசித்தார்களா?

வாசித்தார்கள். ஹார்மோனியமும் தபலாவும்தான் பெரும்பாலும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்காக திரையில் வரும் எழுத்து அட்டையை உரக்கப் படித்துக் கதை சொல்பவரும் இருப்பார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை, அழிந்துவிட்டது. அதற்கு முன்னால் உட்கார்ந்து யார் என்ன வாசித்தார்கள் என்பதும் அதோடு போய்விட்டது. எனக்கு இது ஆறாத வருத்தம். மிஞ்சியவற்றுக்குப் புதிதாக வாசிக்கிறார்கள். ஹிமான்சு ராய் தயாரித்த ‘ஷிராஸ்’ (1928) படத்துக்கு சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் இசையமைத்து, 2017-இல் லண்டனிலும் பிறகு இந்திய நகரங்களிலும் மேடையில் தன் குழுவோடு வாசித்தார்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பேசும் படம் வந்ததும் அந்த வாத்தியக்காரர்கள் என்ன ஆனார்கள்?

வேலை போயிற்று. 1927-க்குப் பிறகு சில வருடங்களில் அமெரிக்காவில் மட்டும் பல ஆயிரம் பேர். அவர்களுடைய சங்கம் ‘டப்பாவில் அடைத்த இசை வேண்டாம்’ என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து பார்த்தது, பலிக்கவில்லை. ஆர்கன்கள் கழற்றி விற்கப்பட்டன. பெர்லினில் 1929-இல் திறந்த பாபிலோன் தியேட்டரில் அந்தக் காலத்து ஆர்கன் இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது, படத்துக்கு வாசிக்கவும் வாசிக்கிறார்கள். பெர்லின் வருபவர்கள் கட்டாயம் போய்க் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குப் பதினான்கு வயது, கீபோர்டு ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறாள். இதை வீட்டில் முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920) எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் போல ஓடும். பெட்டியில் துண்டு துண்டாக வந்த வீட்டைப் புதுத் தம்பதி தப்பும் தவறுமாகப் பொருத்திக் கட்டுவதுதான் கதை. சத்தத்தை அணைத்துவிட்டு முதலில் வாசிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தம்பதிக்கு ஒரு சின்ன மெட்டு, வீட்டுக்கு ஒன்று, இரண்டு போதும். வீடு ஆட்டம் காணக் காண வீட்டு மெட்டும் கோணலாகட்டும். ராகம் தெரிந்த பிள்ளை என்றால் ராகத்திலேயே வாசிக்கட்டும், அந்தப் படத்துக்கு மேற்கத்திய இசைதான் வேண்டும் என்று சட்டம் இல்லை.

கடைசியில் வீடு தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும், ரயில் வரும். அப்புறம் என்ன என்பதை நீங்களே பாருங்கள். அங்கேதான் அவளுக்குப் பரீட்சை. முடிவு தெரியும் என்பதால் கை முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் படத்தைப் பார்த்திராத யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சிரிக்கும்போது சத்தத்தைக் குறைத்து அந்தச் சிரிப்புக்கு இடம் விடட்டும். ரயில் வரும்போது அவர்கள் பயந்தால் அவள் சரியாக வாசித்திருக்கிறாள்.