விளக்கா, குடமா?

கேள்வி: ராணுவ டாங்கி தெருவுக்கு வராமலே ஒரு நாட்டில் ஜனநாயகம் போய்விடும் என்கிறார்களே, அதெப்படி? முன்கூட்டியே தெரிந்துகொள்ள அறிகுறி ஏதாவது உண்டா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: போகும், ஓட்டுப் போட்டே போகும். வெகுதூரம் போக வேண்டாம், இலங்கையைப் பாருங்கள். 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. முறையாக ஜெயித்ததுதான். மறு வருஷமே புது அரசியலமைப்பு வந்தது, சகல அதிகாரமும் ஜனாதிபதி கைக்குப் போனது. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை ஏழு வருஷத்துக்குப் பறித்தார்கள். ஆக, 1982 அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆருக்குச் சரியான போட்டியாளர் களத்திலேயே இல்லை. அப்படியும் அவருக்குக் கிடைத்தது சுமார் 53 சதவீதம்தான்.

இங்கேதான் கணக்கு இடித்தது. அடுத்து நாடாளுமன்றத் தேர்தல், அதுவும் புது விகிதாசார முறையில். 53 சதவீத ஓட்டுக்கு ஏறக்குறைய பாதி இடம்தான் தேறும், அரசியலமைப்பை நினைத்தபடி திருத்த உதவிய மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போய்விடும். சரி, தேர்தலே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்! இருக்கிற நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருஷம் நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22 அன்று மக்களிடமே கேட்டார்கள். சம்மதம் என்றால் விளக்குச் சின்னம், கூடாது என்றால் குடம். நாட்டில் அவசரகால நிலை அமலில் இருக்கும்போதே ஓட்டுப்பதிவு. எம்.பி.க்கள் யாராவது முணுமுணுத்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார் மனிதர்: ஆளுங்கட்சி எம்.பி.க்களிடம் முன்பே ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டார், கையெழுத்து இருக்கும், தேதி போடும் இடம் மட்டும் காலி.

விளக்குக்கு 54 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது ஓட்டு குடத்துக்கு, ஆனால் அதை யார் பொருட்படுத்தினார்கள்? அப்படி நீட்டித்த அதே நாடாளுமன்றம்தான் 1983 ஜூலைக் கலவரம் ஓய்ந்த கையோடு, ஆகஸ்டில், பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய் என்று ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கத்தியின்றி ரத்தமின்றி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வெளியே ரத்தம் காயாத நேரம் அது. அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது 1989 பிப்ரவரியில். 1977இல் முதல் ஓட்டுப் போட்ட பையன் அதற்குள் முப்பதைத் தொட்டிருப்பான்.

அறிகுறி கேட்டீர்களே, தலைவரின் சத்தமான பேச்சை நான் அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டேன். ஜெயித்தவர் அடுத்த தேர்தலின் தேதியிலும் யார் நிற்கலாம் என்பதிலும் கைவைக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். சிறிமாவோ விஷயத்திலேயே மணி அடித்துவிட்டது. ‘அந்தம்மா ஆட்சியிலும் இதே லட்சணம்தானே’ என்று பலர் சும்மா இருந்தார்கள். அது பொய்யுமில்லை, 1975இல் முடிய வேண்டிய தன் நாடாளுமன்றத்தை 1977 வரை இழுத்தவர்தான் அவர்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி நடந்ததுண்டா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: உண்டே, எமர்ஜென்சியில். 1976இல் முடிய வேண்டிய மக்களவையை நீட்டினார்கள், 42ஆவது திருத்தம் ஆயுளையே ஆறு வருஷம் ஆக்கியது. பிறகு 44ஆவது திருத்தத்தில் மறுபடி ஐந்து. நடுவில் 1977இல் ஒரு தேர்தல் வந்ததே, அதனால்தான்.