'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' ஆனது எப்படி?

வணக்கம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் பயிலும் தங்கள் மகள், தமிழில் 'போனாள்', மலையாளத்தில் 'போயி' என ஒரே வேர் நிலைத்து நிற்க, ஆங்கிலத்தின் 'கோ' (go) மட்டும் இறந்தகாலத்தில் 'வென்ட்' (went) ஆவது ஏன் என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி; விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைத்துவிடாதீர்கள்.

'வென்ட்' உண்மையில் வேறொரு வினைக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் திரும்புதலைக் குறித்து, பின்னர் செல்லுதலையும் குறித்த 'வெண்ட்' (wend) என்னும் வினையின் இறந்தகாலமே அது. 'செண்ட்' (send) என்பது 'சென்ட்' (sent) ஆவதும், 'பெண்ட்' (bend) என்பது 'பென்ட்' (bent) ஆவதும் இதே முறையில்தான். 'கோ'வுக்கோ அக்காலத்திலேயே 'ஏயொடெ' என்ற, வேர்த்தொடர்பில்லாத இறந்தகால வடிவம்தான் இருந்தது. அது மெல்ல வழக்கொழிய, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் 'வென்ட்' அந்த இடத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்து வழக்கில் 'கோ'விலிருந்தே ஒரு புதிய வடிவம் உண்டாயிற்று என்பதையும் சொல்லலாம்.

'வெண்ட்', 'வென்ட்' ஆகியவற்றின் ஈற்றொலிகளைத் தமிழில் ஒரே எழுத்தால் குறிப்பதால், அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ள மலையாளத்தில் எழுதிக் காட்டுங்கள்; வேறுபாடு குழந்தைக்கு உடனே விளங்கும்.