விலை குறைந்த பனிச்சறுக்குத் தலைக்கவசம் தலையைக் காக்குமா?

கேள்வி: நானும் ஒன்பது வயது மகனும் முதல்முறையாகப் பனிச்சறுக்குப் பயிற்சிக்குச் செல்லவிருக்கிறோம். தலைக்கவசம் வாங்கப் போன இடத்தில், விலை குறைந்தவை பெயருக்குத்தான், அடி பட்டால் தாங்காது என்று சொல்லி மூன்று மடங்கு விலையில் ஒன்றைக் காட்டினார்கள். பயண ஏற்பாட்டாளர், தானே வாங்கி வைத்துவிடுவதாகச் சொல்கிறார். வீட்டில் நல்ல சைக்கிள் ஹெல்மெட்டுகள் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் தம்முடைய பழைய பனிச்சறுக்குக் கவசத்தைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். நாங்கள் செல்வது மென்மையான பயிற்சிச் சரிவுக்குத்தான். அதிகம் செலவழிக்காமல் எதை வாங்கலாம்?

பதில்: கடையில் இருப்பவற்றிலேயே மிகக் குறைந்த விலையுள்ள கவசத்தை நீங்கள் தயங்காமல் வாங்கலாம். அதில் பனிச்சறுக்குக்கான தரச்சான்று இருக்க வேண்டும், அது தலையில் சரியாகப் பொருந்த வேண்டும், புதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை குறைந்தவை தாங்காது என்று உங்களிடம் சொல்லப்பட்டது வெறும் விற்பனைப் பேச்சு.

இந்தக் கவசங்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். இ.என். 1077 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி, உலோகத்தாலான மாதிரித் தலையில் கவசத்தை மாட்டி, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான எஃகுப் பரப்பின்மீது விழச் செய்கிறார்கள். மோதும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்த மாதிரித் தலைக்குள் பதிவாகும் தாக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 250 மடங்கைத் தாண்டினால் கவசம் தோற்றுவிட்டது என்று பொருள். பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து எடுத்த கவசங்களும் இதே சோதனைக்கு உள்ளாகின்றன. கூர்முனை துளைக்கிறதா என்பதும், தாடைப்பட்டை இழுப்பைத் தாங்குகிறதா என்பதும் தனியே பார்க்கப்படும். ஏ.எஸ்.டி.எம். எஃப்2040 என்ற அமெரிக்கத் தரநிலையில் தட்டைப் பரப்புக்கான உயரம் 2 மீட்டர், தாக்கத்தின் எல்லை 300 மடங்கு. விலை குறைந்த கவசமானாலும் கூடியதானாலும் இந்தச் சான்றைப் பெற வேண்டுமானால் இதே தேர்வில்தான் தேறியாக வேண்டும்.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி எடைக் குறைப்புக்கும் வசதிக்கும் போகிறது. மெல்லிய மேலோட்டையும் உள்நுரையையும் ஒரே வார்ப்பில் செய்த கவசம் இலேசாக இருக்கும், விலையும் கூடும். தடித்த பிளாஸ்டிக் ஓட்டைத் தனியே செய்து நுரைமேல் பொருத்திய கவசம் சற்றுக் கனமாக இருக்கும், விலை குறையும், ஆனால் பெட்டியில் உருண்டு சிராய்ப்பதையும் கீழே வைக்கும்போது படும் சிறு தட்டல்களையும் நன்றாகவே தாங்கும். திறந்து மூடும் காற்றுத் துளைகள், காந்தக் கொக்கி, கவசத்தோடு சேர்ந்த முகக்கண்ணாடி, காதுப் பகுதியில் பாட்டுக் கேட்கும் ஏற்பாடு, இந்தப் பருவத்தின் புது நிறம் ஆகியவையும் விலையில் சேர்கின்றன. சென்ற பருவத்து நிறம் என்பதற்காகத் தள்ளுபடியில் வரும் கவசமே உங்களுக்கு ஏற்றது; அதன் உற்பத்தி ஆண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்: கவசத்தைத் தலைகீழாகப் பிடித்து, உள்துணியைச் சற்று விலக்கிப் பாருங்கள். ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். முறையான ஐரோப்பியச் சான்றுள்ள கவசத்தில் தயாரிப்பாளர் பெயர், மாதிரியின் பெயர், தரநிலை எண், ஏ அல்லது பி என்ற வகுப்பு, சென்டிமீட்டரில் தலையளவு, கிராமில் எடை, தயாரான ஆண்டும் அதன் காலாண்டும் அதில் அச்சாகியிருக்கும். ஏ வகுப்பு காதையும் சேர்த்து அதிகப் பரப்பை மூடுவது. பி வகுப்பில் காதுப் பகுதி மென்மையாக இருக்கும், காற்றோட்டமும் கேட்கும் திறனும் கூடும். பயிற்சிக்குப் போகும் உங்களுக்கு பி போதும். சீட்டே இல்லாத கவசத்தையும், ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்பதைக் காட்டும் சி.இ. என்ற இரண்டெழுத்து மட்டும் இருந்து 1077 என்ற எண் இல்லாத கவசத்தையும், அமெரிக்கச் சான்று என்று சொல்லி எஃப்2040 என்ற எண்ணைக் காட்டாத கவசத்தையும் வாங்க வேண்டாம். சி.இ. குறி எந்தப் பயன்பாட்டுக்கான கவசம் என்பதைச் சொல்வதில்லை. சைக்கிள் கவசத்திலும் அதே குறிதான் இருக்கும்.

இணைய விற்பனையில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் இந்தச் சீட்டைச் சுற்றியே நடக்கிறது. "பல விளையாட்டுகளுக்கும் ஏற்றது", "சர்வதேசத் தரம்", "பாதுகாப்புச் சான்று பெற்றது" என்று விளம்பரத்தில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வெளிப்புறத்தைப் பத்துக் கோணங்களில் படமெடுத்துப் போடும் விற்பனையாளர் உட்புறச் சீட்டை மட்டும் காட்டாமல் விடுவார். சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016/425 என்ற ஒழுங்குமுறையின்படி, சான்றில்லாத பனிச்சறுக்குக் கவசத்தை விற்பதே சட்டவிரோதம். அமெரிக்காவில் சைக்கிள் கவசத்துக்குக் கட்டாயக் கூட்டாட்சித் தரநிலை இருக்கிறது, பனிச்சறுக்குக் கவசத்துக்கு இல்லை. எஃப்2040 தயாரிப்பாளர் தாமாக விரும்பி ஏற்பது. ஆகவே எந்த நாட்டிலிருந்து பொருள் வருகிறது என்பதைக்கொண்டு நிம்மதி அடைய முடியாது.

இந்த ஏற்பாட்டின்மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. சோதனையில் ஒரு கவசம் 120 மடங்கு தாக்கத்தோடு தேறியதா, 245 மடங்கோடு எல்லையை ஒட்டித் தேறியதா என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும், சோதனைக் கூடத்துக்குத் தெரியும். அதைத் தலையில் மாட்டிக்கொள்ளும் உங்களுக்குத் தெரியாது. தேறியது என்பதற்கு அடையாளமான தரநிலை எண்ணைத் தவிர, சோதனை முடிவைப் பற்றி எதையும் சீட்டில் அச்சிட வேண்டியதில்லை. அந்தத் தரநிலையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க நினைத்தாலும், அந்த ஆவணத்தைப் பொதுவாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பொதுமக்களின் மண்டையோட்டைப் பற்றிய விதியைப் பொதுமக்களுக்கே விலைக்கு விற்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. வாங்குபவர் இருட்டில் இருப்பதால்தான், விலையைக் காட்டிப் பாதுகாப்பு என்று சொல்லும் விற்பனையாளருக்கு வேலை எளிதாகிறது.

அவர் உங்களிடம் மிப்ஸ் என்ற பெயரையும் சொல்லியிருப்பார். தலை நேராக மோதுவதைவிடச் சாய்வாக மோதித் திருகும்போது மூளைக்கு வேறு வகையான பாதிப்பு ஏற்படுகிறது. அந்தத் திருகலைக் குறைப்பதற்காக, கவசத்துக்குள் சில மில்லிமீட்டர் தூரம் வழுக்கி நகரும் மெல்லிய அடுக்கு ஒன்றைச் சுவீடனில் உருவாக்கினார்கள்; அதன் பெயர்தான் மிப்ஸ். கருத்து நல்லது, நான் மதிக்கும் ஒன்று. இ.என். 1077-இன் 2007 பதிப்போ எஃப்2040-ஓ இந்தத் திருகலைச் சோதிப்பதே இல்லை என்பது தரநிலைகளின் குறை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் இதையும் சேர்த்துச் சோதித்து, கவசங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுத்து இலவசமாக வெளியிடுகிறது; நீங்கள் பார்க்கும் மாதிரி அதில் இருந்தால் ஒரு நிமிடம் செலவிட்டுப் பாருங்கள். பொருத்தமாக இருக்கும் இரண்டு கவசங்களுக்கிடையே சிறிய விலை வித்தியாசத்தில் இந்த அடுக்கு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று மடங்கு விலைக்கு அது காரணமாகாது. தொளதொளவென்று ஆடும் கவசத்துக்குள் அந்த அடுக்கு இருந்தும் பயனில்லை.

சைக்கிள் ஹெல்மெட்டுகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஐரோப்பிய சைக்கிள் தரநிலையான இ.என். 1078-இல் மோதல் சோதனை ஏறத்தாழ இதேபோலத்தான் இருக்கிறது. ஆனால் துளைக்கும் சோதனை கிடையாது. பனிச்சறுக்கில் கூர்மையான விளிம்புள்ள பலகைகளும், கோல்களும், மரக்கிளைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரிய துளைகள் வழியே பனி உள்ளே போகும், காது திறந்திருக்கும், கண்ணைக் காக்க அணியும் பனிக்கண்ணாடியின் பட்டை நிற்க இடமிருக்காது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பனிச்சறுக்கு, சைக்கிள் ஆகிய இரண்டுக்கும் சான்று பெற்ற கவசங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றின் சீட்டில் 1077, 1078 ஆகிய இரண்டு எண்களும் இருக்கும். ஒரு எண் சீட்டிலும் மற்றொன்று விளம்பரத்திலும் இருந்தால் போதாது. இரண்டும் ஒரே சீட்டில், உங்கள் கையில் இருக்கும் அந்தக் கவசத்திலேயே இருக்க வேண்டும். மாதிரியின் பெயர் ஒத்திருக்கிறது என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், ஏனெனில் ஒரே பெயரில் கோடைக்கு ஒன்றும் குளிர்காலத்துக்கு ஒன்றுமாக இரண்டு வகை வரலாம். குளிர்காலக் காதுமூடியும் உள்துணியும் தனிப் பையில் வந்தால், அவற்றைப் பொருத்திய நிலையில்தான் அது பனிச்சறுக்குக் கவசம். பொருத்திய பிறகு தலையளவு இறுகும் என்பதால், கடையிலேயே பொருத்தி அணிந்து பாருங்கள். சிறுவர்களுக்கான சில கவசங்களில் 1080 என்ற எண் இருக்கும். விளையாட்டுத் திடலில் பட்டை எங்காவது மாட்டிக் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது என்பதற்காக, இழுத்தால் கழன்றுவிடும்படி அமைத்த கவசம் அது. சரிவில் விழும் பிள்ளைக்குக் கழன்றுவிடும் பட்டை ஆபத்தானது; அந்த எண் மட்டும் இருந்தால் தவிர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் உள்ளவற்றில் இரண்டு எண்களும் இருந்தால் புதிதாக வாங்கத் தேவையே இல்லை. இன்று மாலையே உள்துணியை விலக்கிப் பார்த்துவிடுங்கள்.

பழைய கவசத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் தெர்மோகோல் என்று சொல்லும் நுரைதான். மோதலின்போது அது நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய இடம் பழைய நிலைக்குத் திரும்பாது, அடுத்த அடியை அதே இடத்தில் தாங்காது. மேலோடு பளபளவென்று இருக்கும், உள்ளே நுரை பிளந்திருக்கும். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் வீட்டுச் சிறுவன் அதை மாடிப்படியில் உருட்டியது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வண்ணம் பூசிய, ஸ்டிக்கர் ஒட்டிய பழைய கவசம் இன்னும் மோசம்: விரிசலை மறைக்கும், சில வண்ணங்களிலும் பசைகளிலும் உள்ள கரைப்பான் மேலோட்டைப் பலவீனமாக்கும்.

பயண ஏற்பாட்டாளர் பேச்சுக்கு வருகிறேன். கவசத்தை நீங்கள் அணிந்து பார்க்காமல் இன்னொருவர் வாங்கி வைப்பது, உங்கள் தலையைப் பார்க்காமலே அளவு முடிவு செய்வதாகும். தரகுக்காக ஒரே கடையில் மொத்தமாக எடுப்பவர்கள் நடுத்தர அளவில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்துவந்து, "திருகினால் எல்லோருக்கும் சரியாகிவிடும்" என்று விநியோகிப்பதைப் பார்த்துச் சலித்திருக்கிறேன். பின்புறத் திருகு கடைசிச் சில மில்லிமீட்டர்களைச் சரிசெய்வதற்கானது. இரண்டு அளவு பெரிய கவசத்தை அது சிறியதாக்காது. கவசத்துக்கான தொகையைக் கட்டணத்திலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

பொருத்தத்தைப் பார்க்க, புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைத்த பகுதி வரை டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். அந்த எண் சீட்டில் உள்ள அளவுக்குள் வர வேண்டும். தொப்பி போடாமல், பனிக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய் அணிந்து பாருங்கள். முன்விளிம்பு நெற்றியை மூட வேண்டும். பின்னுக்குத் தள்ளி நெற்றியைக் காட்டினால் அளவு தவறு. பட்டையைப் போடாமல் தலையை இடவலமாக ஆட்டுங்கள்: கவசம் தோலையும் இழுத்துக்கொண்டு கூடவே வர வேண்டும், தனியே சுழலக் கூடாது. பிறகு பட்டையை மாட்டி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையுமளவு இறுக்கி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். கண்ணை மறைத்தால் வைத்துவிடுங்கள். கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் கவசத்துக்கும் இடையே நெற்றி தெரிந்தால் குளிர் அறையும்; கவசம் கண்ணாடியை மூக்கின்மேல் அழுத்தினால் மூச்சும் கண்ணாடியும் இரண்டுமே பாழாகும். பத்து நிமிடம் அப்படியே அணிந்திருங்கள். ஓரிடத்தில் மட்டும் வலி குவிந்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஆகாது, வேறொரு தயாரிப்பைப் பாருங்கள்.

மென்மையான சரிவு என்பதால் தேவையா என்ற எண்ணம் உங்கள் கேள்வியின் ஓரத்தில் தெரிகிறது. 2009-இல் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் தொடக்கநிலைச் சரிவில் பாடம் கற்கும்போது, கவசம் அணியாமல் விழுந்தார். எழுந்து நன்றாகப் பேசினார். இரண்டு நாளில் மண்டையோட்டுக்குள் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். விழுந்தவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிடாமல், தலைவலி, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் எது தெரிந்தாலும், கவசம் அணிந்திருந்தாலும்கூட, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடிபட்ட கவசத்தை அன்றோடு தூக்கி எறியுங்கள்.

மகனுக்கு, வளர்வான் என்று கருதிப் பெரிய அளவில் வாங்க வேண்டாம். அவன் தொடர்ந்து போவானா என்று தெரியாதபோது, அவனுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது செலவைக் குறைக்கும். வாடகைக் கவசமும் பலர் அணிந்த பழையதுதான் என்பதால், பயிற்சி நாள் காலையில் வரிசையில் நின்று அவசரமாக வாங்காமல், முந்தைய நாள் மாலையே வாடகைக் கடைக்குப் போய், சீட்டையும் ஆண்டையும் பார்த்து, நுரையில் பிளவு இருக்கிறதா என்று உள்துணியை விலக்கி விரலால் தடவி, ஆட்டிப் பார்த்து எடுங்கள். தயாராகி ஐந்தாண்டுக்கு மேலானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள். கொடுப்பார்கள், கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்று புதியவற்றை உள்ளே வைத்திருப்பார்கள்.