கிழமையைக் கேட்டுப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டின்போது ‘வரலாற்றில் இன்று’ வாசிக்கிறோம். வாட்ஸ்அப்பில் வருவதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். தேதி சரிதானா என்று கையிலேயே சோதிக்க வழி உண்டா?
*– ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்*

உண்டு. கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாட்காட்டிகளை மனிதர்கள் திருத்தியிருக்கிறார்கள், நாட்களை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் ஞாயிறுக்குப் பின் திங்கள் என்ற வரிசை அந்தத் திருத்தங்களில் எங்கும் அறுபடவில்லை. பழைய கடிதத்திலோ செய்தித்தாளிலோ தேதியோடு கிழமையும் இருந்தால், இரண்டும் பொருந்துகிறதா என்று தாளில் கூட்டியே பார்த்துவிடலாம்.

ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை எழுதுங்கள். அதை 4-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஈவை மட்டும் கூட்டுங்கள். தேதியைக் கூட்டுங்கள். பிறகு மாத எண்: ஜனவரி 0, பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 6, மே 1, ஜூன் 4, ஜூலை 6, ஆகஸ்ட் 2, செப்டம்பர் 5, அக்டோபர் 0, நவம்பர் 3, டிசம்பர் 5. கடைசியாக நூற்றாண்டு எண்: 1700-களுக்கு 4, 1800-களுக்கு 2, 1900-களுக்கு 0, 2000-களுக்கு 6. மொத்தத்தை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கிழமை. 0 ஞாயிறு, 1 திங்கள், இப்படியே 6 சனி.

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10-ஐப் போட்டுப் பார்ப்போம். 6, அதன் ஈவு 1, தேதி 10, ஜூலைக்கு 6, நூற்றாண்டுக்கு 2. மொத்தம் 25. ஏழால் வகுத்தால் மீதி 4, வியாழக்கிழமை. 1947 ஆகஸ்ட் 15-க்கு 47, 11, 15, 2, 0. மொத்தம் 75, மீதி 5, வெள்ளி.

தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு மொத்தத்தில் 1 குறைக்க வேண்டும். மறந்தால் விடை ஒரு நாள் தள்ளிப் போகும்.

இன்னொரு பொறி அமெரிக்க எழுத்துமுறை. அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 7/10 என்று இருந்தால் அவர்களுக்கு ஜூலை 10, நமக்கு அக்டோபர் 7. தேதியும் மாதமும் 12-க்குள் இருக்கும் எந்தச் செய்தியையும் இரண்டாவது முறை பாருங்கள். குழந்தைகள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுகிறார்கள். அங்கே ஏறிய பிழை அவ்வளவு எளிதில் இறங்காது.

கே: பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் ஒரு புத்தகத்தில் 1746 செப்டம்பர் 10, இன்னொன்றில் செப்டம்பர் 21. எது அச்சுப்பிழை?
*– வாசகர், புதுச்சேரி*

இரண்டும் அச்சுப்பிழை இல்லை. ஒரே நாளைத்தான் இரண்டு தரப்பும் இரண்டு விதமாக எழுதின.

ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி ஆண்டுக்கு 365.25 நாள் என்று கணக்கிட்டது. பருவங்கள் சுழன்று வருவதற்கு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவாகத்தான் ஆகிறது. அந்த 11 நிமிடம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து, வசந்த காலம் தேதியை விட்டு விலகிப் போனது. 1582-இல் போப் 13-ஆம் கிரிகோரி, அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று ஆக்கினார். 1700, 1800, 1900 போன்ற நூற்றாண்டு ஆண்டுகளுக்கு லீப் நாளையும் நீக்கினார். 400-ஆல் வகுபடும் 1600, 2000 மட்டும் லீப் ஆண்டுகளாகத் தப்பின.

பிரான்ஸ் அந்த 1582-லேயே மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழையதையே வைத்திருந்தது. அதனால் 1746-இல் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் தேதியில் 11 நாள் இடைவெளி. பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே முன் கோட்டை பணிந்த நாளைக் கும்பினியார் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) செப்டம்பர் 10 என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் செப்டம்பர் 21 என்றார்கள். கிழமை இருவருக்கும் புதன்தான். நம் கூட்டலிலும் 46, 11, 21, 5, 4 சேர்ந்து 87, மீதி 3.

அந்த நாட்களைப் புதுச்சேரியில் இருந்து எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நன்றியோடு நினைக்க வேண்டும். தமிழ் வருஷம், மாதம், தேதி, ஐரோப்பியத் தேதி, கிழமை எல்லாவற்றையும் அவர் சேர்த்தே எழுதினார். அட்சய வருஷம் புரட்டாசி மாதம் என்பதும் புதன்கிழமை என்பதும் கிடைத்துவிட்டால், செப்டம்பர் 10-ஆ 21-ஆ என்ற குழப்பம் எழவே இடமில்லை.

தேதியை மாற்ற விரும்பினால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 1582 முதல் 1700 பிப்ரவரி வரை பழைய தேதியோடு 10 கூட்டுங்கள். அதன்பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13. மேலே சொன்ன கிழமைக் கணக்கு புதிய நாட்காட்டிக்கு உரியது. பழைய ஆங்கிலத் தேதியை அப்படியே போட்டால் தவறான கிழமைதான் வரும், முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1752-க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. கும்பினி ஆவணத்தில் ‘1745 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1746. நாளில் 11 பிசகுவதைவிட ஆண்டில் ஒன்று பிசகுவது பெரிய சேதம்.

கே: ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்ததால்தான் ஏப்ரல் 23 உலகப் புத்தக தினமாமே?
*– கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

யுனெஸ்கோ 1995-இல் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம்தான். ஆனால் இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் 1616 ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பழைய தேதி, புதிய கணக்கில் மே 3. ஸ்பெயின் அப்போதே புதிய நாட்காட்டியில் இருந்தது. அங்கே செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் மறுநாள். உண்மையில் இருவருக்கும் இடையே 11 நாள்.

‘கலிலியோ மறைந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்பதும் இதே வகை. கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய தேதி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய தேதி. அதை மாற்றினால் 1643 ஜனவரி 4. ஒரே அளவுகோலால் அளந்தால் இரண்டும் ஒரே ஆண்டில் வரவில்லை. அழகான வாக்கியம் என்பதற்காக இதை இன்னும் பாடநூல்களில் விட்டுவைக்கக் கூடாது.

ஒரே நாள் ஒற்றுமை வேண்டுமென்றால் உண்மையானவையே இருக்கின்றன. டார்வினும் ஆப்ரகாம் லிங்கனும் பிறந்தது 1809 பிப்ரவரி 12. ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் இறந்தது 1826 ஜூலை 4, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நாள். இரண்டு ஜோடியும் ஒரே நாட்காட்டி முறைக்குள் வருவதால் சந்தேகமே வேண்டாம்.

கே: மலேசியாவில் உள்ள என் உறவினர், ஜப்பான் போர் தொடங்கியது டிசம்பர் 8 என்கிறார். நம் புத்தகங்களில் டிசம்பர் 7. யார் சொல்வது சரி?
*– வாசகி, காரைக்குடி*

உங்கள் உறவினர் தம் ஊர்த் தேதியைச் சரியாகவே சொல்கிறார். நம் புத்தகத்தில் இருப்பது ஹவாய்த் தேதி.

பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டுகள் விழுந்தது 1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை 7.48 மணி அளவில். அந்த நொடியில் டோக்கியோவில் டிசம்பர் 8, திங்கள் அதிகாலை 3.18. இடையில் ஓடுவது சர்வதேசத் தேதிக்கோடு.

மலாயாவின் கதை இன்னும் கூர்மையானது. கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கியது, அங்கே நள்ளிரவு தாண்டி டிசம்பர் 8 பிறந்த சிறிது நேரத்தில். அன்று மலாயாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 7.30 மணி முன்னால், ஹவாய்க் கடிகாரம் 10.30 மணி பின்னால். இரண்டையும் கிரீன்விச்சுக்குக் கொண்டுவந்தால், ‘டிசம்பர் 8’ நிகழ்ச்சி ‘டிசம்பர் 7’ நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது தெரியும். ஆகவே நாடு கடந்த நிகழ்ச்சிகளைத் தேதியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள், முன்பின் மாறிவிடும். தோட்டங்களில் இருந்த தமிழர் குடும்பங்களுக்குப் போர் வந்த நாள் டிசம்பர் 8-தான். அவர்கள் வரலாற்றை எழுதும்போது அதையே எழுதுங்கள்.

நிலவில் இறங்கியதும் அப்படியே. அமெரிக்காவில் 1969 ஜூலை 20, ஞாயிறு. ஈகிள் கலம் தரைதொட்டபோது இந்திய நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது இங்கே திங்கள் காலை 8.26. அமெரிக்கத் தேதியை எழுதுவதில் குற்றமில்லை, பக்கத்தில் ‘அமெரிக்க நேரப்படி’ என்று சேர்த்தால் போதும்.

கே: பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?
*– வாசகர், எட்டயபுரம்*

1921 செப்டம்பர் 11, ஞாயிறு இரவு, நள்ளிரவு கடந்து சுமார் ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவிலேயே தேதி மாறிவிடுவதால் 12, திங்கள். நம் மரபில் சூரியன் உதிக்கும் வரை அதே நாள். வீட்டில் யாரும் அதை ‘ஞாயிறு ராத்திரி’ என்றுதான் சொல்வார்கள். தமிழக அரசு மகாகவி நாளாக அறிவித்திருப்பது செப்டம்பர் 11. குறிப்பு எழுதும்போது ‘11 இரவு, 12 அதிகாலை’ என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தனுஷ்கோடியை 1964-இல் புயல் அழித்ததையும் ‘டிசம்பர் 22, 23 இடைப்பட்ட இரவு’ என்று எழுதுங்கள். ஒற்றைத் தேதிக்குள் அந்த இரவு அடங்காது.

கே: எங்கள் தாத்தா சமாதிக் கல்லில் ‘விரோதி வருஷம் ஆவணி 12 சனிக்கிழமை’ என்று மட்டும் இருக்கிறது. ஆங்கிலத் தேதி கண்டுபிடிக்க முடியுமா?
*– வாசகர், பட்டுக்கோட்டை*

கிழமை வெட்டியிருப்பதால் முடியும். அதைச் செதுக்கச் சொன்னவருக்குக் கும்பிடு.

பிரபவ முதல் எண்ணினால் விரோதி 23-ஆவது. கடைசிப் பிரபவ 1987-இல் பிறந்தது. அதோடு 22 கூட்டினால் 2009. அறுபது அறுபதாகக் குறைத்தால் 1949, 1889. இந்த மூன்றில் எது?

1949-இல் ஆவணி 1 விழக்கூடியது ஆகஸ்ட் 16 அல்லது 17. சூரியன் சிம்மத்துக்குள் நுழையும் நேரம் பகலா இரவா என்பதைப் பொறுத்தும் பஞ்சாங்கத்தைப் பொறுத்தும் ஒரு நாள் முன்பின் வரும். ஆக ஆவணி 12 என்பது ஆகஸ்ட் 27 அல்லது 28. கூட்டிப் பாருங்கள்: 49, 12, 27, 2, 0. மொத்தம் 90, மீதி 6, சனி. 28 என்றால் ஞாயிறு. ஆகவே ஆகஸ்ட் 27 பொருந்துகிறது.

மற்ற இரண்டையும் தள்ளிவிட்டால்தான் வேலை முடியும். 2009-இல் ஆவணி 12 ஆகஸ்ட் 27, 28 பக்கம், வியாழன் அல்லது வெள்ளி. 1889-இல் அது ஆகஸ்ட் 25, 26 பக்கம், ஞாயிறு அல்லது திங்கள். சனி எங்கும் வரவில்லை. உங்கள் தாத்தா மறைந்தது 1949 ஆகஸ்ட் 27.

1889-இல் தேதி முன்னே போனதைக் கவனித்திருப்பீர்கள். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தமிழ் மாதப் பிறப்பு சுமார் 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆங்கிலத் தேதியில் பின்தள்ளிக்கொண்டே வருகிறது. இன்று ஏப்ரல் 14-இல் வரும் சித்திரை 1, ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது. பழைய ஓலையையோ கல்லையோ இன்றைய தினசரிக் காலண்டரை வைத்து மாற்றினால் நாலைந்து நாள் பிசகுவது இதனால்தான்.

கே: அரசியலமைப்புச் சட்டத்தின் நாள் நவம்பர் 26-ஆ, ஜனவரி 26-ஆ?
*– போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்*

1949 நவம்பர் 26-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. 1930 ஜனவரி 26-இல் முழு விடுதலை நாள் கொண்டாடப்பட்டதால் அந்தத் தேதிக்காகக் காத்திருந்தார்கள். கேள்வியில் ‘ஏற்பு’ என்ற சொல்லா, ‘நடைமுறை’ என்ற சொல்லா என்று பார்த்து எழுதுங்கள்.

கே: பிப்ரவரி 29-இல் பிறந்த பிரபலங்கள் யார்? என் மகள் பிறந்த நாளும் அதுதான்.
*– வாசகி, மதுரை*

மொரார்ஜி தேசாய், 1896. அவருக்கு முதல் பிறந்த நாள் எட்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது, 1900 லீப் ஆண்டு இல்லை அல்லவா? அப்படி அது வந்த 1904 பிப்ரவரி 29, திங்கட்கிழமை, உங்கள் மதுரையில் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார்.